டார்த் வேடர் எங்கே சார்?

ஒரு டம்ளர் நீலப் பால். விலை 7 டாலர் 99 சென்ட். 2019-ம் வருஷக் கணக்கில் ஏறக்குறைய 550 ரூபாய்!

நம்ம ஊர் ரசிகர் தலைவரின் கட்-அவுட் மேல் பாலை ஊற்றுவார். அமெரிக்க ரசிகர், தலைவர் குடித்த பாலைத் தானே காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறார். பக்தி ஒன்றுதான். பால் போய்ச் சேருகிற இடம்தான் வேறு.

1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஹீரோ லூக் ஸ்கைவாக்கரின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நீலப் பால் வரும். சில விநாடி சமாசாரம். கதைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனாலும் 42 வருஷம் கழித்து, ‘அது எப்படித்தான் இருக்கும்?’ என்று தெரிந்து கொள்ள க்யூவில் நின்றார்கள். குடித்துப் பார்த்தால் அது மாட்டுப் பாலே இல்லை! தேங்காய்ப் பாலும் அரிசிப் பாலும் கலந்து, ஐஸ் மாதிரி உறைய வைத்தது. சிலர் ‘ஆஹா’ என்றார்கள். சிலர் விளக்கெண்ணெய் குடித்த முகம் காட்டினார்கள். சுளித்த முகத்தோடும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக் கொண்டார்கள் என்பது முக்கியம்.

இந்தப் பால் கடை இருக்கிற இடத்தின் பெயர் ‘கேலக்ஸீஸ் எட்ஜ்’. ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் கம்பெனியை 2012-ல் சுமார் 405 கோடி டாலருக்கு வாங்கியது டிஸ்னி. 2015-ல், ‘அந்த உலகத்தையே கட்டித் தருகிறோம், நீங்கள் உள்ளே நடக்கலாம்’ என்று அறிவித்தது. கலிஃபோர்னியாவில் அனஹைம் ஊரிலிருக்கும் டிஸ்னிலாண்டில் 2019 மே 31-ம் தேதி திறப்பு விழா. ஃபுளோரிடாவில் ஆகஸ்ட் 29. இரண்டு இடத்திலும் தலா 14 ஏக்கர். அனஹைமில் முதல் மூன்று வாரத்துக்கு முன்பதிவு இல்லாமல் உள்ளே விடவில்லை. பதிவு செய்தவருக்கும் நாலு மணி நேரம்தான் அனுமதி. ரிலீஸ் படத்துக்கு ரிசர்வேஷன் மாதிரி ஏகக் கெடுபிடி!

ஆபீஸ் வேலையாகக் கலிஃபோர்னியா போயிருந்த நான், 2019 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். கூட வந்தவன் என் பழைய ஹாஸ்டல் ரூம்மேட். ஸ்டார் வார்ஸ் விஷயத்தில் அவன் முற்றிய கேஸ். சின்ன வயசில் வாடகை வீடியோ கேசட்டில் பார்த்துப் பார்த்து நாடா தேய்ந்து போன பரம்பரை.

ஒரு பாறைச் சுரங்கம் மாதிரி வழி. அதைத் தாண்டி வளைந்தால்... நிஜ அளவில் ‘மில்லேனியம் ஃபால்கன்’ விண்கலம். 100 அடிக்கு மேல் நீளம். புஸ்ஸென்று புகை விட்டுக்கொண்டு, இதோ கிளம்பப் போகிறேன் என்று மிரட்டுகிறது. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன்.

“மச்சி, கொஞ்ச நேரம் பேசாம நில்லுடா. எட்டு வயசுலேருந்து இதுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்” என்றான்.

பேசாமல் நின்றேன். சுற்றிப் பார்த்தேன். தொப்பை விழுந்த, தலை நரைத்த ஆசாமிகள் கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவர்களுடைய பிள்ளைகள், ‘அப்பாவுக்கு என்ன ஆச்சு?’ என்று முழித்தன.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை.

அந்த இடத்துக்குக் கதைப்படி ‘பாட்டூ’ கிரகம் என்று பெயர். ஊழியர்கள் எல்லோரும் அந்தக் கிரகத்துப் பிரஜைகள். பகலில் ‘வணக்கம்’ கிடையாது, ‘பிரைட் சன்ஸ்!’ பாட்டூவுக்கு மூன்று சூரியனாம். (நமக்கு மே மாதத்தில் ஒன்றே தாங்கவில்லை.) ராத்திரியில் ‘ரைசிங் மூன்ஸ்!’ டாலர் என்று சொல்ல மாட்டார்கள், ‘கிரெடிட்’. கழிவறைக்கு ‘ரெஃப்ரெஷர்’. அவசரத்தில் ஓடி வருகிறவன் நின்று நிதானமாக வேற்றுக்கிரக பாஷையா படிப்பான்? போர்டுகள் வேறு படத்தில் வரும் கற்பனை எழுத்தில். அதையும் கடகடவென்று வாசித்துக் காட்டிய ரசிகர்கள் உண்டு. தாய்மொழியை இந்த வேகத்தில் வாசிப்பார்களா என்பது சந்தேகம்.

கடையில் ஜெடாய் வீரர்களின் நீள அங்கி தொங்கியது. ஜோராக விற்றார்கள். ஆனால் 14 வயசுக்கு மேற்பட்டவர்கள் பார்க்குக்குள் வேஷம் போடக் கூடாது என்பது டிஸ்னியின் பழைய விதி. அங்கியை வாங்கலாம், அங்கே போடக் கூடாது! புடவையை பில் போட்டுக் கொடுத்துவிட்டு, ‘கட்டிக்காதீங்கம்மா’ என்கிற கதை. ரசிகர்கள் விடுவார்களா? வேஷம் மாதிரியும் தெரியாமல், வேஷம் இல்லாத மாதிரியும் தெரியாமல் பழுப்புச் சட்டை, அகல பெல்ட், முழங்கால் பூட்ஸ் என்று வந்து நின்றார்கள்.

கோகோ-கோலா பாட்டில் உருண்டையாக, படத்தில் வரும் வெடிகுண்டு மாதிரி இருக்கும். ஆசை ஆசையாக வாங்கினார்கள். அதே ஆகஸ்டில் அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை, ‘இதை ஏர்போர்ட்டுக்குள் கொண்டு வராதே’ என்று சொல்லிவிட்டது. ரசிகர்கள் போட்ட கூச்சலில் சில நாளிலேயே இறங்கி வந்து, காலி பாட்டிலைக் கையோடு கொண்டு போகலாம் என்றார்கள்.

திறந்தபோது இருந்தது ஒரே ஒரு பெரிய சவாரி. ஃபால்கனை நாமே ஓட்டலாம். ஒரு தடவைக்கு ஆறு பேர். முன்னால் இரண்டு பைலட். ஒருவர் இடம் வலம் திருப்ப வேண்டும். இன்னொருவர் மேலே கீழே. நடு வரிசையில் இரண்டு பேர் துப்பாக்கிக்கு. பின் வரிசையில் இரண்டு இன்ஜினீயர்கள். பைலட் எங்காவது இடித்தால், பக்கவாட்டில் எரிகிற பட்டன்களை இவர்கள் தட்டித் தட்டி ரிப்பேர் செய்ய வேண்டும். ‘பட்டனையே பார்த்துக் கொண்டிருந்ததில் விண்வெளியைப் பார்க்க முடியவில்லை’ என்று இன்ஜினீயர் சீட் கிடைத்தவர்கள் குறைப்பட்டார்கள். இடிப்பது முன் வரிசை, சரி செய்வது பின் வரிசை, கைதட்டல் மறுபடி முன் வரிசைக்கு. ஆபீஸ் போகிறவர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை!

இதெல்லாம் சில்லறைக் குறைகள். பெரிய குறை வேறு. அங்கே நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

டார்த் வேடர் எங்கே? லூக் எங்கே? ஹான் சோலோ எங்கே?

கிடையாது. பாட்டூவில் நடக்கும் கதை, 2017-ல் வந்த படத்துக்கும் 2019 கடைசியில் வந்த படத்துக்கும் நடுவில். அதற்குள் மூவரும் திரையில் இறந்தாகிவிட்டது. நம்ம ஊர் டைரக்டராக இருந்தால் ஒரு இரட்டைப் பிறவியைக் கொண்டு வந்து சமாளித்திருப்பார். இவர்கள் கொள்கை பிடிப்பவர்கள். புதுப் படங்களின் ஆட்களான ரேயும் கைலோ ரெனும் தெருவில் நடமாடினார்கள். அதோடு, தெருவில் ஜான் வில்லியம்ஸின் அந்தப் பிரசித்தமான இசையும் இல்லை. நிஜமான ஊரில் பின்னணி இசை ஏது என்பது வாதம். இத்தனைக்கும் இந்த இடத்துக்கென்றே வில்லியம்ஸ் தனியாக ஓர் இசைக்கோவை அமைத்து, அதற்கு 2020-ல் கிராமி விருதே கிடைத்தது!

ஏன் இப்படிச் செய்தார்கள்? வடிவமைப்புக் குழுவின் தலைவர் ஸ்காட் டிரோபிரிட்ஜ் தரப்பு சொன்ன காரணம் அசட்டுத்தனமானது அல்ல. படத்தில் பார்த்த ஊரைக் கட்டினால், அங்கே நடந்த கதை எல்லாருக்கும் தெரியும்; அதில் நாம் இல்லை என்பதும் தெரியும். யாரும் பார்க்காத ஊர் என்றால், அங்கே நடக்கப் போகிற கதை உன்னுடையது. நீதான் ஹீரோ.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நண்பனின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு ஹீரோவாக வேண்டும் என்ற ஆசையே இல்லை. ஹீரோ பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அவ்வளவுதான். திருவிழாவுக்குப் போகிறவன் சாமியாகவா போகிறான்?

சாட்சி வேண்டுமா? அங்கே ஒரு மதுக்கடை. டிஸ்னிலாண்டில் பொதுஜனத்துக்கு மது ஊற்றிய முதல் இடம். உள்ளே பாட்டுப் போடுகிறவர் ஒரு ரோபோ, பெயர் ரெக்ஸ். 1987-ல் டிஸ்னிலாண்டில் ஆரம்பித்த ‘ஸ்டார் டூர்ஸ்’ சவாரியில் பதறிப் பதறி விண்கலம் ஓட்டிய பழைய பைலட். 2010-ல் வேலை போய்விட்டது. இங்கே டி.ஜே-யாக மறுவாழ்வு. குரல் கூட அதே பால் ரூபன்ஸ். அவரைக் கண்டதும் நரைத்த தலைகளுக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது.

இன்னொரு சாட்சி. ஒளிவாள் செய்து கொடுக்கும் பட்டறை. 2019-ல் 199 டாலர் 99 சென்ட், சுமார் 14,000 ரூபாய். (என் பர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டது. நண்பன் மட்டும் போனான்.) ஒரு தடவைக்கு 14 பேர் வரை. அவரவர் கையால் பாகங்களைப் பொருத்த வேண்டும். விளக்கு மங்கும்போது யோடாவின் குரல் கேட்கிறது. பிறகு எல்லா வாள்களும் ஒன்றாக ஒளிர்கின்றன. வெளியே வந்தவன் ஐந்து நிமிஷம் பேசவில்லை. பிறகு, “யோடா பேசினார்டா” என்றான். புதுக் கிரகம், புதுக் கதை எல்லாம் சரி. அழ வைத்தது பழைய குரல்.

அந்தக் கோடையில் டிஸ்னி எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அவர்களுடைய அமெரிக்கப் பார்க்குகளுக்கு வந்தவர்கள் 3 சதவிகிதம் குறைவு. ‘கூட்டம் அம்மும்’ என்று பயந்தே பலர் வரவில்லை என்பது ஒரு காரணம். டிக்கெட் விலை இன்னொரு காரணம். அனஹைமில் ஒருநாள் டிக்கெட்டே 104 முதல் 149 டாலர்.

டிசம்பர் 5-ம் தேதி ஃபுளோரிடாவிலும், 2020 ஜனவரி 17-ம் தேதி அனஹைமிலும் ‘ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்’ என்ற இரண்டாவது சவாரி வந்தது. சுமார் 18 நிமிஷம். ஒரு சின்ன விண்கலத்தில் ஏறுகிறீர்கள். எதிரி பிடித்துவிடுகிறான். ஏறிய அதே கதவு திறக்கிறது. வெளியே பார்த்தால், ஏறிய இடத்தைக் காணோம்! பிரம்மாண்ட எதிரிக் கப்பல், 50 ஸ்டார்ம்ட்ரூப்பர் பொம்மைகள் விறைப்பாக வரிசையில். ரகசியம் சுலபமானது. நீங்கள் பறப்பதாக நினைத்துக் கொண்டிருக்கும்போது அறையே மெல்லத் திரும்பிவிடுகிறது. முணுமுணுத்த ரசிகர்களே வாய் பிளந்தார்கள். இடம் பிடிக்க விடிவதற்கு முன்பே வாசலில் வந்து நின்றார்கள். இரண்டு மாதத்தில் கொரோனா வந்து டிஸ்னிலாண்டையே மூடியது வேறு கதை.

பிறகு 2022 மார்ச் 1-ம் தேதி ஃபுளோரிடாவில் ஒரு விண்கப்பல் ஹோட்டல் திறந்தார்கள். இரண்டு ராத்திரிக்கு, இரண்டு பேருக்கு, ஏறக்குறைய 4,800 டாலரிலிருந்து கட்டணம். போனவர்களில் பலர் உருகினார்கள். போக முடியாதவர்கள் பொருமினார்கள். பொருமியவர்கள்தான் அதிகம். 2023 செப்டம்பர் கடைசியில் மூடிவிட்டார்கள். மூன்று டாலர் கொடுத்துத் தியேட்டரில் பார்த்து வளர்ந்த காதலுக்கு, ஒரு மாசச் சம்பளத்தை டிக்கெட்டாகக் கேட்டால் எத்தனை பேர் தருவார்கள்?

2025-ல் வந்தது செய்தி. அனஹைமில் 2026 ஏப்ரல் 29 முதல் கதையின் காலத்தை விரிக்கப் போவதாக டிஸ்னி அறிவித்தது. டார்த் வேடர், லூக், லேயா, ஹான் சோலோ எல்லோரும் வருவார்கள். தெருவில் வில்லியம்ஸின் இசை கேட்கும். ரே, அந்த 18 நிமிஷச் சவாரி இருக்கும் பக்கத்தில் இருப்பாள். ஏழு வருஷ முணுமுணுப்புக்குப் பலன்!

நண்பன் போனில் குதித்தான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ரசிகர்களிலேயே ஒரு பிரிவுக்கு வருத்தம். பாட்டூவின் தனிக் கதையை நம்பி, அந்த ஊர் பாஷை பேசி, அந்த ஊர் ஆளாகவே வாழ்ந்து பார்த்தவர்கள் அவர்கள்.

அவர்கள் வருத்தத்தைப் படித்தபோது எனக்கு ஒரு சிறுமி ஞாபகம் வந்தாள். அந்தச் செப்டம்பர் சனிக்கிழமை, ரே மாதிரியே தலையில் மூன்று கொண்டை போட்டுக்கொண்டு, ரேயின் கையைப் பிடித்தபடி நின்றவள். ஏழெட்டு வயசு இருக்கும். அவள் யாரையும் தேடவில்லை. டார்த் வேடர் அவளுக்கு அப்பாவின் ஆள். அவளுடைய ஆள் பக்கத்திலேயே நின்று கொண்டிருந்தாள்.

இன்னும் இருபது வருஷம் கழித்து அவள் தன் குழந்தையோடு அங்கே வருவாள். அதற்குள் எத்தனை படம் மாறுமோ, எத்தனை ஹீரோ மாறுமோ. வாசலில் நிற்கிறவரிடம் அவள், “ரே எங்கே சார்?” என்று கேட்பாள்.

அன்றைக்கும் யாராவது காது கொடுத்தால் சரி.