மலைநாட்டு வாழ்வும் மூச்சின் தொழிலும்

உணவின்றி மனிதன் பல நாள் உயிர் வாழ்தல் கூடும். நீரின்றிச் சில நாள் வாழ்தல் கூடும். மூச்சின்றியோ சில நிமிடங்களே வாழ்வான். உடலின் ஒவ்வொரு கலமும் உணவிலிருந்து சத்தியைப் பெறுதற்கு ஒட்சிசன் இன்றியமையாதது. அதனைப் பெருமளவிற் சேமித்துவைக்கும் களஞ்சியம் உடலில் இல்லை. ஆதலால் அவ்வாயு இரவும் பகலும் ஓயாது வந்துகொண்டிருத்தல் வேண்டும். இவ்வழங்கலின் திறத்தையும் அதற்கு நேரும் தடைகளையும் அறிதற்கு இலங்கையின் தேயிலை மலைநாடு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மூச்சை உள்ளிழுக்கும்போது பிரிமென்றகடு கீழே தாழ்கின்றது, விலாவென்புகள் மேலெழுகின்றன. நெஞ்சறை விரிய, வெளிக்காற்று மூக்கின் வழியே புகுந்து, சூடும் ஈரமும் பெற்று, வாதனாளியை அடைகின்றது. பின்னர் மரக்கிளைபோற் பன்முறை பிரியும் குழாய்களைக் கடந்து நுண்ணிய சிற்றறைகளைச் சேர்கின்றது. சுவாசப்பைகளிலுள்ள இச்சிற்றறைகள் 30 கோடிக்கு மேற்பட்டவை. விரித்துப் பரப்பின் ஏறக்குறைய 70 சதுர மீற்றர் இடத்தைக் கொள்ளும். காற்றையும் குருதியையும் பிரிக்கும் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவே. அமுக்கம் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுதல் வாயுக்களின் இயல்பாதலின், ஒட்சிசன் அச்சுவரை ஊடுருவிக் குருதியிற் கலக்கின்றது. செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபின் என்னும் இரும்புச்சேர்வை அதனைப் பற்றிக்கொண்டு உடலெங்குங் கொண்டுசெல்கின்றது. கலங்களிற் பிறக்கும் காபனீரொட்சைட்டுக் குருதிவழியே திரும்பி மூச்சோடு வெளியேறுகின்றது.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கும் காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 21 பங்கே. ஆயினும் காற்றமுக்கம் கொழும்பிலுள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காகக் குறைதலின், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வளவிற் குறைகின்றது. தாழ்நிலத்திலிருந்து புதிதாய் வந்தவர் மேட்டிலேறும்போது இளைப்பது இதனாலேயே. எனினும் உடல் இதற்கு ஈடுசெய்ய வல்லது. மூச்சு ஆழமாகும், சிறுநீரகம் சுரக்கும் ஓமோன் ஒன்று என்புமச்சையைத் தூண்டிச் செங்குழியங்களைப் பெருக்கும். 1911ஆம் ஆண்டில் ஹோல்டேன் முதலிய அறிஞர் அமெரிக்காவின் பைக்ஸ் மலையுச்சியில் தங்கி ஆராய்ந்து, உயரத்தில் ஈமோகுளோபின் மிகுதலைக் கண்டனர். ஆகவே, மலைச்சரிவிற் கூடை சுமந்து கொழுந்து பறிப்போர்க்கு உயரம் பெரும்பகையன்று.

பெரும்பகை வீட்டினுள்ளேயே உளது. தோட்டத்து லயன் காம்பராக்கள் பல, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவாய், காற்றோட்டங் குறைந்தவையாய் அமைக்கப்பட்டவை. குளிருக்கஞ்சிக் கதவடைத்து விறகடுப்பை எரிக்கும்போது புகை உள்ளேயே தேங்குகின்றது. அதன் நுண்டுகள்கள் சிற்றறைவரை சென்று அவற்றைக் கெடுக்கின்றன. குழந்தைகட்கு நியூமோனியாவும், அடுப்பருகே நெடுநாள் உழைக்கும் பெண்கட்கு நீங்கா இளைப்பும் வருதற்கு ஏதுவாகின்றன. புகையிலுள்ள காபனோரொட்சைட்டோ ஒட்சிசனினும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் ஈமோகுளோபினைப் பிணிக்கின்றது. அதன் தன்மையை 1895ஆம் ஆண்டிலே தம் உடலிற் சோதித்து விளக்கியவரும் ஹோல்டேனே. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு அடைத்த அறையிற் பெருகின் உயிருக்கே இறுதியாகும்.

இரும்புச்சத்துக் குறைவும் இதற்குத் துணைபோகின்றது. இரும்பின்றி ஈமோகுளோபின் உண்டாகாது. உணவோடு தேநீர் அருந்தின் உணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வது குறையும்; ஆதலின் உண்டு ஒரு மணி நேரஞ் சென்றபின் அருந்துதல் நன்று.

உயரத்தை மாற்றுதல் மனிதரால் இயலாது. அதற்கு உடலே தன்னைப் பழக்கிக்கொள்ளும். புகையைப் போக்குதலோ மனிதர் கையிலுள்ளது. அடுப்புக்கு மேலே புகைபோக்கியும், சுவரிலே சாளரமும், உலர்ந்த விறகும், உணவிலே கீரையும் பருப்பும் வேண்டுவன. மலைநாட்டின் தூய காற்றை ஊரார் புகழ்வர். அக்காற்று அங்கு உழைப்போரின் அடுக்களைக்குள்ளும் புகுதல் வேண்டும்.