ஐந்து மணி மரத்துக்கு இப்போது மணி ஆறு

கோலாலம்பூரின் பழைய சாலையோரங்களில் குடை விரித்தாற்போல் நிற்கும் பெரிய மரங்களைப் பார்த்திருப்பீர்கள். கிளைகளில் பெரணிச் செடிகள் தொற்றி வளர்ந்திருக்கும். இளஞ்சிவப்புப் பூக்கள் முகப்பவுடர் ஒற்றும் பஞ்சுபோல் கீழே உதிர்ந்து கிடக்கும். இதுதான் மழைமரம். மலாய்க்காரர்கள் ‘புக்குல் லீமா’, அதாவது ‘ஐந்து மணி’ மரம் என்பார்கள். தமிழ்நாட்டில் இது தூங்குமூஞ்சி மரம். இரண்டு பெயர்களும் ஒரே காட்சியிலிருந்து பிறந்தவைதாம்: பொழுது சாயும்போது இதன் சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கைகூப்பிக்கொள்ளும்.

ஆனால், நல்ல வெயில் நாளில் ஐந்து மணிக்கு மரத்தடியில் போய் நின்றால் ஏமாந்துபோவீர்கள். இலைகள் இன்னும் விரிந்தே இருக்கும். மரம் மாறவில்லை, மாணவர்களே, மாறியது நம் கடிகாரம்! 1932 வரை இங்கு வழங்கிய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி முன்னால் இருந்தது. பிறகு அதைச் சிறிது சிறிதாகத் தள்ளிவைத்தார்கள். கடைசியாக 1982 ஜனவரி 1 அன்று அரை மணி கூட்டி, 8 மணி வித்தியாசம் ஆக்கினார்கள். அந்தக் காலத்து ஐந்து மணிதான் இன்றைய ஆறு மணி.

மரத்துக்கு நேரம் எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசிய அயனிகள் வெளியேறும்போது நீரும் கூடவே வெளியேறும். அந்தப் பக்கம் தளர, இலை மடங்கும். தொட்டாற்சிணுங்கியிலும் இதே ஏற்பாடுதான். 1729-இல் பிரெஞ்சு அறிஞர் டி மெய்ரான் அத்தகைய ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாமலும் இலைகள் நேரம் தவறாமல் விரிந்து மூடின. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது! ஆனாலும் வானம் இருண்டால் மழைமரம் முன்கூட்டியே இலையை மூடிவிடும்.

இதன் உறவினர்களில் ஒன்று பட்டு மரம். ஈரான் முதல் ஜப்பான் வரை இயற்கையாக வளர்வது. பட்டு இழைபோன்ற பூவுக்காக 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். ஜப்பானியப் பெயரிலும் தூக்கம் இருக்கிறது. வெற்றி பெற்றவர் ‘வாகை சூடினார்’ என்கிறோமே, அந்த வாகையும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அழகுக்காகப் போன பட்டு மரம் அமெரிக்காவின் தென்கிழக்கில் வேலி தாண்டிப் பரவி, இன்று களையாகக் கருதப்படுகிறது.

நம் மழைமரமும் வந்தேறிதான். அமெரிக்காவின் வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இது 1876-இல் சிங்கப்பூருக்கு வந்தது. அடுத்த ஆண்டே ரப்பர் கன்றுகளும் அங்கே வந்து இறங்கின. ஆனால் இது நம் காடுகளைப் பிடித்துக்கொள்ளவில்லை. இனிப்பான இதன் காய்களை மாடுகள் தின்று, சாணத்தோடு விதைகளைப் பரப்பும். நகரத்தில் மாடு ஏது? முளைக்கும் கன்றும் புல்வெட்டும் இயந்திரத்துக்குத் தப்பாது. மேய்ச்சல் நிலம் நிறைந்த வானுவாட்டு தீவுகளிலோ இதே மரம் தொல்லையாகிவிட்டது. ஆகவே ‘வெளிநாட்டு மரம்’ என்ற ஒரே காரணத்துக்காக எதையும் குற்றவாளியாக்கிவிட முடியாது. எங்கே, எதனோடு சேர்ந்து வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

நகரத்தில் இதற்கு உள்ள சிக்கலே வேறு. இதன் குடை 30 மீட்டர் வரை விரியக்கூடும். அத்தனை பாரத்தையும் தாங்குபவை, மண்ணில் அதிக ஆழம் போகாமல் பக்கவாட்டில் ஓடும் வேர்கள். கால்வாய்க்காகவும் நடைபாதைக்காகவும் வேரை வெட்டி, அடிமரம்வரை சிமெண்ட் பூசினால் மரம் எதைப் பிடித்து நிற்கும்? வேர் அழுகுவது வெளியே தெரியாது. இலை பச்சையாகவே இருக்கும். 2024 மே மாதம் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் நகரின் முதிய மரங்களை எல்லாருமே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். பாதுகாப்பு முக்கியம்தான். ஆனால் வயதை மட்டும் பார்த்து வெட்டுவது சோதனை ஆகாது. உள்ளே எவ்வளவு அழுகியிருக்கிறது என்று கருவிகொண்டு அளக்க முடியும்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்கள் பள்ளிக்கு அருகே மழைமரம் இருந்தால் இரண்டைக் குறித்து வாருங்கள்: வெயில் நாளிலும் மேகமூட்ட நாளிலும் இலை மூடும் நேரம், அடிமரத்தைச் சுற்றி எத்தனை அடி வெறும் மண் விட்டிருக்கிறார்கள் என்பது.