ராணி வந்த வீடு

திருச்சி காந்தி மார்க்கெட்டில் லாரிகளுக்கு நடுவே திரிந்த செவலைக் குட்டி அது. அங்கே கடையில் வேலை பார்க்கும் ஒருவர் ஒருநாள் தன் பாலக்கரை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். "பெட்டக் குட்டியப் போய் எடுத்துட்டு வந்திருக்கியேடா" என்று அவருடைய அம்மா சத்தம் போட்டார். கணவர் போனபிறகு அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்தது அன்றைக்குத்தான்.

ராணி என்று பெயர் வைத்தார்கள். ராணியோ கட்டிலடியைவிட்டு வெளியே வரவில்லை. எல்லோரும் படுத்த பிறகுதான் தட்டில் வாய் வைக்கும். கல்லடி பட்டு வளர்ந்த உடம்பு, தடவ நீளும் கையைக் கண்டாலும் ஒடுங்கும். நாய்களை மீட்டு வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பழக மூன்று வாரம், இது நம் வீடுதான் என்று நம்ப மூன்று மாதம். நாய்க்கு நாய் இது மாறும். ஆனால் பொறுத்திருக்க மனமில்லாதவர்கள் முதல் வாரத்திலேயே குட்டியை மறுபடி தெருவில் விடுகிறார்கள். அது பெரும் பாவம்.

அந்த அம்மா ராணியைத் தொடவே முயலவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி, தன் பாட்டுக்கு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் மதியம் முந்தானையை ஈர மூக்கு ஒன்று முகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். இப்போது விளக்கு வைத்ததும் இருவரும் வாசற்படிக்கு வந்துவிடுகிறார்கள். அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்து ராணி படுத்திருக்க, மகனிடம்கூடச் சொல்லாத விஷயங்களை அவர் அதனிடம் சொல்கிறார். கணவரைப் பற்றியும்தான்.

இந்த ஆறுதலுக்கு உடம்பிலும் ஒரு காரணம் உண்டு. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் 'சயின்ஸ்' இதழில் அதை எழுதினார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது. தாயையும் சேயையும் பிணைக்கும் அதே ஹார்மோன்.

நம்மவர்களுக்கும் இந்தப் பிணைப்பு புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. இறந்த வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அதன் பெயர் 'கோவிவன்' என்று பொறித்திருக்கிறார்கள். அப்படி மதித்த நாட்டு நாயைத் தெருவில் விட்டுவிட்டு, பனிநாட்டு ஹஸ்கியைத் திருச்சி வெயிலில் வளர்ப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

நாய் வளர்ப்பதில் கடமைகளும் உண்டு. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் கெடுவில் தவறாமல் ஊசி. குடற்புழு மருந்தும் வேண்டும். தெருநாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது.

மகன் தூக்கி வருவதற்குமுன் ராணியைப் பலர் பார்த்துவிட்டு, பெட்டை என்பதால் விட்டுப் போனார்கள். குட்டி போட்டுப் பெருகுமே என்ற பயம். கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டால் அந்தப் பயத்துக்கு வேலையே இல்லை. நாய் வளர்க்க நினைப்பவர்கள் உங்கள் தெருவில் யாரும் எடுக்காத பெட்டைக் குட்டியை முதலில் பாருங்கள்.