மழையில் கைகொடுக்கும் டயர்

ஐப்பசி அடைமழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் காரைப் பிடித்து நிறுத்துவது எது? பிரேக் என்பீர்கள். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயர். அதுவோ உள்ளங்கையளவு இடத்தில்தான் தரையைத் தொடுகிறது!

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற வேகக் கார்களை வைத்திருப்பவர்களும் டயர் கடையில், "எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும்?" என்றே முதலில் கேட்கிறார்கள். நெடுநாள் உழைக்கும் கெட்டி ரப்பர் பெரும்பாலும் ஈரத்தில் வழுக்கும். 1990-களில் பரவிய, சிலிகா கலந்த ரப்பரே நனைந்த சாலையை நன்றாகப் பற்றும். ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் ஈரப்பிடிப்புக்கு 'ஏ' முதல் 'இ' வரை தரம் குறிக்கிறார்கள். நீங்கள் வாங்கும் ரகத்துக்கு 'ஏ' அல்லது 'பி' உண்டா என்று விசாரியுங்கள். அளவுக்குப் பின் வரும் வேகக் குறியையும் பாருங்கள். 'வி' என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், 'டபிள்யூ' என்றால் 270. தொழிற்சாலை கொடுத்ததற்குக் கீழே இறங்கவேண்டாம்.

தண்ணீரை வெளியே தள்ளுவது பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளம். அது தேய்ந்தால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது. மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது உத்தமம்.

பணமுடையால் இரண்டே டயர் வாங்குகிறீர்களா? முன் சக்கரங்கள் இழுக்கும் காராயினும், புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்புறம் வழுக்கினால் காலைத் தளர்த்திச் சமாளிக்கலாம். பின்புறம் வழுக்கினால் கார் பம்பரமாய்ச் சுழலும்.