கரிசற்காட்டில் ஒரு நோயாண்டு

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் மாலை தமிழ்நாட்டிலும், அன்று நள்ளிரவு முதல் இந்தியா முழுவதிலும் ஊரடங்கு தொடங்கிற்று. கொரோனாப் பெருந்தொற்றைப்பற்றி மருத்துவ நூலோர் பலவாறு எழுதியுள்ளனர். யாம் அதனுட் புகேம். கோவிற்பட்டியை அடுத்த கரிசற் சிற்றூரொன்றில் வாழும் எம் போன்ற குடும்பத்தை, உடலைத் தீண்டாமலே அந்நோய் எவ்வாறு வருத்திற்று என்பதை விளக்குதலே எம் கருத்து.

கரிசற் குடி இரண்டு கால்களில் நிற்பது. ஒன்று புன்செய், மற்றொன்று தீப்பெட்டி. கரிசல்மண் ஈரத்தை நெடுநாட் காக்கும் இயல்பினது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்து, தை, மாசியில் அறுப்பர். அதன்பின் நிலம் வெடித்துக் கிடக்கும். ஆயின், உழவனைச் சும்மா இருத்தும் அவ்வறட்சியே தீப்பெட்டித் தொழிலுக்குத் துணையாவது. குச்சியும் மருந்தும் காய வெயில் வேண்டுமன்றோ? 1920களில் சிவகாசியில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய அத்தொழில் கோவிற்பட்டியைச் சுற்றியும் வேரூன்றியதற்கு இஃதொரு காரணம். மழை பெய்தாற் பயிர் காக்கும். பொய்த்தால் தீப்பெட்டி காக்கும். எம் பாட்டியார் இதனை ஒரு கணக்காகவே சொல்லுவார்.

அவ்வாண்டில் அக்கணக்குப் பொய்த்தது. ஊரடங்கு வந்தது பங்குனியில். அறுவடை முடிந்து நிலம் வெறிதாய்க் கிடக்க, தீப்பெட்டி ஆலைகளை நம்பியிருக்கும் வெயிற்காலம். ஆலைக்கதவு அடைபட்டது. ஆங்கே பெரும்பாலார்க்குக் கூலி மாதச் சம்பளமன்று. அடுக்கிய சட்டத்திற்கும் அடைத்த பெட்டிக்குமே காசு. எம் அன்னையாரின் கை நின்ற அன்றே கூலியும் நின்றது. ரேஷன் அட்டைக்கு அரசு அளித்த 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் அடுப்பை அணையாமற் காத்தன. எஞ்சிய பாரத்தை மளிகைக்கடைப் பற்றுநோட்டுச் சுமந்தது. (அவ்வேப்ரலிலேதான் கோவிற்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான், அதனை வாங்கிச் செல்வார்க்குப் பேருந்துதான் ஓடவில்லை.) பயிரேனும் மீட்குமென்று காத்திருந்தோம். 2021 ஜனவரியில், நெற்று முற்றிநின்ற வேளையில், அம்மாதத்திற் கண்டிராத பெருமழை பெய்தது. உளுந்து நெற்றுக்குள்ளேயே முளைவிட்டது.

இரு கால்களும் தளரும்போது கரிசற் குடிக்கு ஊன்றுகோல் சுற்றமே. அக்கோலும் அவ்வாண்டில் எம் கைவிட்டு நழுவிய வகையைச் சிறிது விரித்துரைப்போம்.

2020 ஜூனில் எம் பாட்டனார் இறந்தார். முதுமையே காரணம், தொற்றன்று. ஊரில் எவ்வீட்டில் இழவு நேரினும் மண்வெட்டியோடு முதலிற் சென்று நிற்பவர் அவர். ஆனால் அடக்கத்திற்கு இருபதின்மர்க்கு மேற் கூடலாகாதென்பது அந்நாளைய விதி. பாட்டியார் திண்ணையிலமர்ந்து விரல் மடக்கி எண்ணினார். மக்கள், மருமக்கள், பேரர் பதினொருவர், குருவானவர் ஒருவர், பெட்டி சுமப்பவரும் குழி வெட்டுபவருமாக அறுவர். எஞ்சியவை ஈரிடம். சென்னையிலிருந்த பாட்டனாரின் தங்கையார் இ-பாஸ் கிடையாமற் செல்பேசியிற் பார்த்தழுதார். உள்ளூரிலிருந்த மூத்த தமக்கையார்க்கு ஓரிடம் போயிற்று. இருபதாவது இடத்திற்கு இருவர் இருந்தனர். ஒருவர் அயலூரிலிருந்து நடந்தே வந்த எம் சிற்றப்பா, பாட்டனாரின் தம்பி மகன். மற்றவர் அடுத்த புஞ்சைக்காரர், இந்து, நாற்பதாண்டு பாட்டனாரோடு ஏரும் வண்டியும் மாற்றி உழுதவர். பாட்டியார் புஞ்சைக்காரர் பெயரைச் சொன்னார். சிற்றப்பா ஊரெல்லையில் நின்றே பெட்டி போவதைப் பார்த்துவிட்டு, தண்ணீரும் குடியாமல் திரும்பினார். அதன்பின் ஒன்பது மாதம் எம் வாசலை மிதித்திலர்.

2021 மார்ச்சு 24ஆம் நாள் இரவு, குடும்ப ஜெபம் முடிந்தபின், கழிந்த ஓராண்டைக் குறித்துப் பேசலானோம். தந்தையார் பழியைச் சட்டத்தின்மேற் சாற்றினார். விதி பிழையன்று என்றார் அன்னையார். மூச்சாற் பரவும் நோய்க்கு, கட்டியழும் இழவு வீட்டினும் ஏற்ற இடம் வேறேது? இருவர் கூற்றும் ஒக்குமென்றே எமக்குத் தோன்றிற்று. நெடுநேரம் வாளாவிருந்த பாட்டியார், "சட்டம் தொகையைத்தானே சொல்லிற்று? பேரைச் சொன்னவள் நானல்லவா?" என்றார். "அப்படியானால் புஞ்சைத் தாத்தாவை நிறுத்தியிருக்க வேண்டுமா, பாட்டி?" என்று தங்கை வினவினாள். "நாற்பது வருஷம் ஒரே வரப்பு" என்று மட்டும் சொல்லி அவர் எழுந்து போனார்.

ஏப்ரல் 4ஆம் நாள் உயிர்த்தெழுந்த திருநாள். மறுநாட் காலையில் தந்தையார் சிற்றப்பா வீட்டிற்குச் சென்றார். ஆங்கு என்ன பேசினர் என்பது எமக்குத் தெரியாது. மாலையில் இருவரும் ஒன்றாக வந்தனர். சிற்றப்பா திண்ணையிலே, பாட்டியார் அன்று எண்ணிய அதே இடத்தில் அமர்ந்து, அன்று அழாத அழுகையை அழுதார். மே 10ஆம் நாள் முழு ஊரடங்கு மீண்டும் வந்து ஆலை அடைபட்டபோது, அவர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி எம் வீட்டிற்கு வந்தது. பாட்டியார் அதிற் பாதியை அளந்து புஞ்சைக்காரர் வீட்டிற்கு அனுப்பினார்.