எல்.இ.டி. விளக்குக்கு ஏற்ற ரெசிஸ்டரைத் தெரிந்தெடுத்தல்

பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடல் போன்ற கிராமங்களில், நெல்லுக்கு நீர் பாய்ச்ச இரவில் கிணற்றுக் கொட்டகைக்குச் செல்லும் விவசாயிகள் பலர். வாயிற்படியில் ஒரு சிறு வெளிச்சம் இருப்பின், பாம்பு கிடப்பது காலை வைக்குமுன் தெரியும். சூரியத் தகடு, 12 வோல்ட் பாட்டரி, சிறு எல்.இ.டி.க்கள் ஆகியவற்றைக் கொண்டு இவ்விளக்கைச் சொற்பச் செலவில் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் ரெசிஸ்டரின் அளவு தவறினால், விளக்கு விரைவில் கெட்டு, வேண்டிய இரவில் உதவாது போகும்.

எல்.இ.டி. தனக்குரிய வோல்ட்டுக்குச் சற்று மிகுந்தாலும், அதனுள் பாயும் மின்சாரம் பன்மடங்கு பெருகும். சூடேறினால் இன்னும் மிகும். ஆகையால் ஏரிக்கு மதகு எப்படியோ, அப்படியே எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் இன்றியமையாதது. மதகை அமைப்போர் கோடையில் வற்றிய நீர்மட்டத்தைப் பாராது, ஏரி நிரம்பிய நாளையே கணக்கிற் கொள்வர். இங்கும் அதுவே முறையாம்.

12 வோல்ட் என்று பெயர் பெற்ற ஈயப் பாட்டரி, பகலில் சார்ஜ் ஏறி முடியுந் தருவாயில் ஏறக்குறைய 14.4 வோல்ட் வரை உயரும். பலர் 12 என்றே கணக்கிட்டு ஏமாறுவர்.

ஓம் என்னும் ஜெர்மன் அறிஞர் 1827-இல் வெளியிட்ட விதிப்படி, ரெசிஸ்டரின்மேல் விழும் வோல்ட்டை ஆம்பியரால் வகுக்க, வேண்டிய ஓம் அளவு கிடைக்கும். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் செல்லும். சிறிய வகைக்கு 20 மில்லி ஆம்பியருக்கு மேல் கூடாது. இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 6 வோல்ட் போக, 12-இல் மிஞ்சுவது 6. அதற்கு 300 ஓம் என்று வரும். அதே ரெசிஸ்டரில் 14.4 வோல்ட்டின்போது 28 மில்லி ஆம்பியர் பாய்ந்து விளக்கைக் கெடுக்கும். மாறாக, 14.4-இல் 6 போக மிஞ்சும் 8.4-ஐ 0.02-ஆல் வகுத்தால் 420 ஓம் வரும். கடையில் அதற்கு அடுத்த பெரிய அளவாகிய 470 ஓம் வாங்குக. அதன் வளையங்கள் மஞ்சள், ஊதா, பழுப்பு நிறமாயிருக்கும். அப்போது உச்சத்தில் 18, 12 வோல்ட்டில் சுமார் 13 மில்லி ஆம்பியரே பாயும். வெளிச்சம் சிறிது குறையினும் ஆயுள் நீடிக்கும்.

ரெசிஸ்டரில் சூடாக மாறும் சக்தி சுமார் 0.15 வாட், ஆகவே அரை வாட் வகையே உத்தமம். நான்கு எல்.இ.டி. வேண்டுமாயின், இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வைக்கவேண்டும். இரு வரிசைக்கும் ஒன்றையே வைத்தால், ஒரு வரிசை அறுந்தவுடன் மற்றதன்மேல் அதிக மின்சாரம் பாயும்.

இக்கணக்கு பாட்டரிக்கே உரியது. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் இவ்வாறு செய்யின் உயிருக்கு அபாயம். கடையில் விற்கும் முழு பல்புகளில் தக்க அமைப்பு உள்ளேயே இருப்பதால், அவற்றிற்கு ரெசிஸ்டர் வேண்டுவதில்லை. கிராம அதிகாரிகள் இவ்வேறுபாட்டை எல்லோருக்கும் எடுத்துரைப்பாராயின் மிக்க பயனுண்டாம்.