மலை கடந்த நீரும் மனிதர் வகுத்த நெறியும்

பெரியதோர் அமைப்பு செவ்வனே இயங்கக் காணும்போது, அதன் கருவிகளின் வலிமையே அதற்குக் காரணம் என்று எண்ணுவது இயல்பு. ஆயின் கருவி, அதனை இயக்கும் மனிதர், இருவரையும் பிணைக்கும் விதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதுதான் அவ்வமைப்பு நீடித்துப் பயன் தருகிறது. இதற்குத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு சிறந்த சான்றாகும்.

அரபிக் கடலை நோக்கிப் பாயும் பெரியாற்றின் நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணை, பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் பொறுப்பில் கட்டப்பெற்று 1895இல் பயன்பாட்டிற்கு வந்தது. சுரங்கவழியே வரும் நீர், ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப் மின்நிலையத்தை இயக்குகிறது; பின்னர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்து வைகை அணையை அடைகிறது.

இத்தொடரின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வரையறை உண்டு. அணையில் 104 அடிக்குக் கீழுள்ள நீர் சுரங்கத்திற்கு எட்டாது. எனவே இருப்பையும் மழையையும் கணித்தே 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் முதற்போகத்திற்கு நீர் திறக்கப்படுகிறது. இருப்பு போதிய ஆண்டுகளில் ஜூன் 1ஆம் நாள் பாசனத்திற்கு 200 கன அடியும் குடிநீருக்கு 100 கன அடியும் விடுவது வழக்கம். மின்சாரம் அந்நீரின் உபபயனே. குழாய்களில் பராமரிப்புப் பணி நடக்குங்கால் இரைச்சல் பாலம் வழியாக நீர் செல்லும்; ஒரு வழி அடைபட்டாலும் வயல் வறண்டுவிடுவதில்லை. 71 அடி கொள்ளும் வைகை அணையில் நீர்மட்டம் 66, 68.5, 69 அடிகளைத் தொடும்போது கரையோர மக்களுக்கு முறையே மூன்று வெள்ள எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. ஆபத்து வருமுன்னரே செய்தி செல்லவேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

கருவியைவிடக் கடினமானது நம்பிக்கை. அணையின் உறுதி பற்றிய ஐயத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணை வலுப்படுத்தப்பட்ட பின், 142 அடி வரை தேக்க உச்ச நீதிமன்றம் 2006இலும் மீண்டும் 2014இலும் இசைவளித்தது. 2014 தீர்ப்பு, இரு மாநிலப் பிரதிநிதிகளும் இடம்பெற்ற கண்காணிப்புக் குழுவையும் அமைக்கச் செய்தது. கீழே வாழும் கேரள மக்களின் அச்சமும் இப்பள்ளத்தாக்கு உழவரின் வாழ்வும் ஒருசேர மதிக்கப்படவேண்டியவை. இரு தரப்பாரும் ஒரே அளவுகோலைப் படித்து ஒரே எண்ணை ஏற்கும் நிலையே சுண்ணாம்பும் சுர்க்கியும் தர இயலாத பாதுகாப்பைத் தரும்.

ஸ்பெயினின் வலென்சியாவில் இன்றும் வாரந்தோறும் வியாழன் நண்பகலில் நீர் நீதிமன்றம் கூடுகிறது. உழவர்கள் தேர்ந்தெடுத்தவர்களே அங்கு நடுவர்கள். வழக்கு வாய்மொழியாகவே தீர்கிறது. அந்நாட்டார் கால்வாயை 'அசெக்கியா' என்பது 'அஸ்ஸாகியா' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததாகும். அந்துலுஸின் முஸ்லிம் ஆட்சி மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தும் கால்வாய்கள் பயன் தருவதற்கு, பங்கீட்டு நெறி மக்களிடம் உயிரோடிருப்பதே காரணம் எனலாம்.

அணையைக் கட்டுவது ஒரு தலைமுறையின் பணி. அதனை அளந்து, பழுது நீக்கி, அண்டையாரின் ஐயத்திற்கு விடை கூறி, நீரை நேர்மையாகப் பகிர்வது ஒவ்வொரு தலைமுறையின் பணியாகும்.